சதகுப்பை: இலையா, விதையா, எத்தனை கரண்டி?

அக்கரைப்பற்றிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். கட்டாரிலிருந்து லீவில் வந்த அண்ணா உலர்ந்த டில் இலைப் போத்தல் ஒன்று கொண்டுவந்தாராம். தயிரும் வெள்ளரிக்காயும் சேர்த்துச் செய்கிற சாலட்டுக்கு அதைப் போட்டுப் பழகிவிட்டார்கள். போத்தல் முடிந்துவிட்டது. டில் என்றால் நம்முடைய சதகுப்பைதான் என்று யாரோ சொல்ல, நாட்டு மருந்துக் கடையில் ஒரு பைக்கற் வாங்கி, இடித்து, சமையல் குறிப்பில் பச்சை இலைக்குச் சொன்னபடியே இரண்டு மேசைக்கரண்டி போட்டிருக்கிறார். வீட்டில் ஒருவராலும் வாயில் வைக்க முடியவில்லை. பச்சை இலைக்கு உலர்ந்தது எவ்வளவு, விதையை இலைக்குப் பதிலாகப் போடலாமா, வேறு எதைப் போடலாம், நம் மணலில் இது வளருமா, வளர்ந்தால் எப்போது வெட்டுவது என்று வரிசையாகக் கேட்டிருக்கிறார்.

தங்கச்சி, உங்களுக்குச் சொன்னவர் சொன்னது சரிதான். டில்லும் சதகுப்பையும் ஒரே செடி. கொத்தமல்லி, சீரகம், பெருஞ்சீரகம், கரட் எல்லாம் அதற்குச் சொந்தக்காரர். ஆனால் குறிப்பில் கேட்டது அந்தச் செடியின் இலை, நீங்கள் போட்டது அதன் விதை. கொத்தமல்லியை நினைத்துப் பாருங்கள். ரசத்தை இறக்கும்போது தூவுகிற மல்லி இலைக்குப் பதிலாக மல்லி விதையை இடித்து இரண்டு மேசைக்கரண்டி தூவுவோமா? ஒரே செடியில் வந்தாலும் இலையின் மணம் வேறு, விதையின் மணம் வேறு. சதகுப்பையும் அப்படித்தான். மல்லியில் நமக்கு இரண்டும் பழக்கம். சதகுப்பையில் விதை மட்டும்தான் பழக்கம், அதுவும் பிள்ளை பெற்ற வீட்டில் தாய்க்கு அரைக்கிற மருந்துச் சரக்கில். அதனால்தான் இந்தக் குழப்பம் நம் பக்கத்தில் பலருக்கும் வருகிறது.

எனக்கும் வந்தது. குவைத்தில் ஓர் ஈரானியக் குடும்பத்துக்கு ஏழு வருடம் சமைத்தேன். போன முதல் கிழமையே வீட்டம்மா கை நிறையக் கீரைக் கட்டுகளைக் கொண்டுவந்து வைத்து, கழுவி நறுக்கச் சொன்னார். நூல் நூலாக, இறகு மாதிரி இலை. அவர்கள் ஷெவித் என்பார்கள். கடைக்கார அரபிகள் ஷிபித் என்பார்கள். மூன்றாம் தண்ணீரில் கழுவும்போதுதான் மணல் போனது. கத்தியை வைத்து நறுக்க ஆரம்பித்ததும் ஒரு மணம் வந்தது பாருங்கள், அப்படியே நின்றுவிட்டேன். என் சொந்தத் தங்கச்சி பிறந்த நேரம் களுவாஞ்சிக்குடி வீட்டில் அம்மம்மா அம்மியில் சரக்கு அரைப்பார். அந்த மணத்தின் ஓர் ஓரம் இதில் இருந்தது. ஆனால் அந்தக் காரமும் கசப்பும் இல்லை. புல்லின் பச்சையும் கொஞ்சம் எலுமிச்சையும் கலந்த மாதிரி ஒரு மென்மை. அன்றைக்குச் சமைத்தது பாகாலி போலோ, அதாவது பெரிய அவரைப் பருப்பும் டில்லும் சேர்த்த சோறு. மூன்று கப் அரிசிக்கு இரண்டு கப் நறுக்கிய இலை போட்டோம். எனக்குக் கை நடுங்கியது. ஆனால் சோறு கசக்கவில்லை. இலையை அந்த அளவுக்குப் போடலாம். விதையை அப்படிப் போட்டால் சோற்றை மாட்டுக்குத்தான் வைக்க வேண்டும்.

சரி, அளவுக்கு வருவோம். கரண்டியை முதலில் சரி பார்த்துக்கொள்ளுங்கள். குறிப்பில் தேக்கரண்டி என்றால் 5 மில்லிலீற்றர், மேசைக்கரண்டி என்றால் 15. மூன்று தேக்கரண்டி சேர்ந்தால் ஒரு மேசைக்கரண்டி. அவுஸ்திரேலியாவில் இருக்கிற சொந்தக்காரர் அனுப்பிய குறிப்பு என்றால் அங்கே மேசைக்கரண்டி 20 மில்லிலீற்றர், நான்கு தேக்கரண்டி. வீட்டில் தேத்தண்ணீர் கலக்குகிற கரண்டி ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவு, அதை நம்ப வேண்டாம்.

நறுக்கிய பச்சை இலை மூன்று பங்கு என்றால் உலர்ந்த இலை ஒரு பங்கு. அதாவது பச்சை ஒரு மேசைக்கரண்டிக்கு உலர்ந்தது ஒரு தேக்கரண்டி. உங்கள் குறிப்பில் இருந்த இரண்டு மேசைக்கரண்டிக்கு இரண்டு தேக்கரண்டி. இந்தக் கணக்குக் கரண்டிக்கு மட்டும்தான், தராசுக்குப் பொருந்தாது. இதில் பலர் தடுமாறுகிறார்கள். பச்சை டில்லில் நூற்றுக்கு 86 பங்கு போலத் தண்ணீர். நூறு கிராம் இலை காய்ந்தால் 14, 15 கிராம்தான் மிஞ்சும். உலர்ந்த இலை ஒரு தேக்கரண்டி ஒரு கிராம் வரும். அந்த ஒரு கிராமுக்குள் ஏழு கிராம் பச்சை இலை ஒடுங்கியிருக்கிறது. நெருக்காமல் அள்ளிய பச்சை இலை ஒரு மேசைக்கரண்டியோ இரண்டு மூன்று கிராம்தான். அப்படிப் பார்த்தால் உலர்ந்தது இரண்டு மடங்கு மணக்க வேண்டுமே என்று கேட்கலாம். மணக்காது. காயும்போது தண்ணீரோடு மணத்திலும் பெரும் பகுதி போய்விடுகிறது. போனதையும் ஒடுங்கியதையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால் அந்த மூன்றுக்கு ஒன்றில் வந்து நிற்கும். ஆகவே குறிப்பில் கிராமில் கொடுத்திருந்தால் மூன்றால் வகுக்காதீர்கள். முதலில் கரண்டிக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

கப் கணக்கிலும் ஒரு சிக்கல் உண்டு. நறுக்காத கிளைகளைச் சும்மா கப்பில் போட்டால் ஒரு கப் 9 கிராம்தான் வரும். அதே கப்பில் நறுக்கி அழுத்தினால் பல மடங்கு போகும். "ஒரு கப் டில்" என்று மட்டும் எழுதியிருந்தால், நறுக்கியதை அழுத்தாமல் நிரப்பி, அதில் பாதியை முதலில் போட்டு ருசி பாருங்கள். கூட்டிக்கொள்ளலாம், எடுக்க முடியாது.

உலர்ந்த இலை எவ்வளவு பழையது என்பதும் அளவை மாற்றும். போத்தலைத் திறந்து மணந்து பார்ப்பது போதாது. ஒரு சிட்டிகையை உள்ளங்கையில் வைத்துப் பெருவிரலால் தேய்த்து மணந்து பாருங்கள். பச்சை மணம் உடனே எழும்பினால் மூன்றுக்கு ஒன்று. லேசாக வந்தால் ஒன்றரை மடங்கு போடுங்கள். வைக்கோல் மணந்தால் எத்தனை கரண்டி போட்டாலும் வைக்கோல்தான், எறிந்துவிடுங்கள். திறந்த போத்தல் நம் வெப்பத்தில் ஆறு மாதம் நன்றாக இருக்கும். அடுப்புக்கு மேல் தட்டில் வைத்தால் அதுவும் இல்லை.

இப்போது விதை. சதகுப்பை விதை ஒரு தேக்கரண்டி இரண்டு கிராம், அதாவது உலர்ந்த இலையைப் போல இரண்டு மடங்கு பாரம். அதில் எண்ணெயும் அதிகம். நீங்கள் போட்ட இரண்டு மேசைக்கரண்டி ஏறக்குறைய 13 கிராம். அது சாலட்டுக்கான அளவே இல்லை, தங்கச்சி. இன்னொன்றும் இருக்கிறது. நம் மருந்துக் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் இந்தியச் சதகுப்பை. ஐரோப்பிய டில் விதையில் கார்வோன் என்ற வாசனைப் பொருள் மேலோங்கி நிற்கும். இந்திய வகையில் அது குறைவு, டில்லபியோல் என்ற வேறொன்று கூட. அதனால்தான் நம் விதையில் அந்த மருந்து நெடி. வெளிநாட்டுக் குறிப்பில் டில் விதை ஒரு தேக்கரண்டி என்று இருந்தால், நம் சதகுப்பையை அரைத் தேக்கரண்டியில் தொடங்குவது என் பழக்கம்.

இலைக்குப் பதில் விதை போட்டே ஆக வேண்டும் என்றால், இரண்டு கப் தயிருக்குக் கால் தேக்கரண்டி போதும். வெறும் சட்டியில் மணம் வரும்வரை மட்டும் சூடாக்கி, நசுக்கிப் போடுங்கள். மாவாக இடிக்க வேண்டாம். ருசி நன்றாகத்தான் இருக்கும், ஆனால் டில் சாலட்டின் ருசியாக இருக்காது. வேறொரு தயிர்ப் பச்சடி என்று நினைத்துக்கொண்டு சாப்பிடுங்கள்.

வெள்ளரிக்காயை வினாகிரியில் ஊறுகாய் போடுகிறவர்களுக்கு மட்டும் விதைதான் சரி. அந்தக் குறிப்புகளில் டில் தலை என்று ஒன்று வரும். குடை மாதிரி விரிந்த பூங்கொத்து விதை பிடித்து நிற்கிறதே, அதுதான் தலை. அது கிடைக்காவிட்டால் ஒரு தலைக்கு ஒரு தேக்கரண்டி விதை. அரை லீற்றர் போத்தல் ஒன்றுக்கு ஒன்றரைத் தேக்கரண்டி வழமையான அளவு. வினாகிரியும் நாளும் சேர்ந்து விதையின் காரத்தைப் பதமாக்கிவிடும்.

போடுகிற நேரமும் வேறு வேறு. விதையை ஆரம்பத்தில் எண்ணெயில் போட வேண்டும். உலர்ந்த இலையை இறக்குவதற்கு ஐந்து பத்து நிமிடம் முன்பு. பச்சை இலையை அடுப்பை அணைத்த பிறகு. பச்சை இலையைக் கொதிக்கவிட்டால் நிறமும் போகும், மணமும் போகும். பாகாலி போலோ மாதிரிச் சோற்றில் அள்ளிப் போடுவதால்தான் வேகும்போது போனதுபோக மீதி தெரிகிறது. தயிரில் உலர்ந்த இலை போட்டால் உடனே பரிமாறாதீர்கள். பிரிட்ஜில் அரை மணி நேரம் வையுங்கள். தயிரின் ஈரத்தில் இலை மலர்ந்த பிறகுதான் மணம் இறங்கும்.

நம் எருமைத் தயிருக்கும் டில்லுக்கும் நல்ல பொருத்தம். சட்டித் தயிரில் மேலாடையோடு இரண்டு கப் எடுங்கள். வெள்ளரிப்பிஞ்சைத் துருவி, உப்புப் பிசிறி, கால் மணி நேரம் வைத்துப் பிழிந்துவிடுங்கள். பிழியாவிட்டால் கெட்டித் தயிரும் மோராகிவிடும். உள்ளி ஒரு பல்லை உப்போடு நசுக்கி, பச்சை டில் இரண்டு மேசைக்கரண்டி சேர்த்துக் கலக்குங்கள். தேசிக்காய் விட வேண்டாம், எருமைத் தயிரின் புளிப்பே காணும்.

இன்னொன்று நானாகக் கண்டுபிடித்தது, கொடுவா மீன் சொதி. வழக்கமாக வைக்கிற வெள்ளைச் சொதிதான். வெங்காயம், பச்சைக் கொச்சிக்காய், கொஞ்சம் மஞ்சள், இரண்டாம் பாலில் மீனை வேகவிட்டு, முதல் பால் விட்டு, நுரை கட்டும்போது இறக்கி, தேசிக்காய் பிழிந்து, கடைசியாக ஒரு மேசைக்கரண்டி பச்சை டில். வெந்தயமும் கறிவேப்பிலையும் போட்டால் டில் தோற்றுவிடும். அன்றைக்கு அவை இரண்டையும் விட்டுவிடுங்கள். வீட்டில் வயது போனவர்கள் முதலில் முகம் சுளித்தார்கள். இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்கள்.

டில் இலை கிடைக்காத இடத்தில் வேறு எது? இலையின் தோற்றத்துக்கு மிகக் கிட்ட வருவது பெருஞ்சீரகச் செடியின் இலை. பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். ஆனால் இனிப்பு மணம் கூட. டில் அளவுக்கே போட்டு, ஒரு சொட்டுத் தேசிக்காய் சேர்த்தால் மீனுக்கு நன்றாக இருக்கும். அதுவும் இல்லாவிட்டால் நான் செய்வது இது: செலரி இலையைப் பொடியாக நறுக்கி, பெருஞ்சீரகத்தில் இரண்டு விரலால் எடுக்கிற அளவை நசுக்கி, தேசிக்காய்த் தோலின் பச்சையை மட்டும் கொஞ்சம் சீவிச் சேர்ப்பேன். டில் ஆகாது. ஆனால் தயிரில் ஒரு குறை தெரியாது. கொத்தமல்லி இலையைப் போட்டால் அது கொத்தமல்லிச் சாலட், அவ்வளவுதான். ருசியான சாலட், அதில் தப்பில்லை. ஓமம் மட்டும் வேண்டாம். அதன் நெடி முழுச் சட்டியையும் பிடித்துக்கொள்ளும். விதைக்குப் பதில் என்றால் சீரகம் மாதிரித் தெரிகிற கேரவே விதை நன்றாகப் பொருந்தும், இரண்டிலும் அதே கார்வோன்தான். ஆனால் கேரவே என்று கேட்டுக் கருஞ்சீரகத்தை வாங்கிவந்துவிடாதீர்கள். அது கறுப்பு விதை, முற்றிலும் வேறு சாமான்.

வளருமா என்று கேட்டீர்கள். வளரும். மூன்று வருடமாக என் வளவில் வளர்கிறது, விதை மருந்துக் கடைச் சதகுப்பைதான். வறுக்காத விதையாக இருக்க வேண்டும். வாங்கியதில் சிலதைக் கையில் கொட்டிப் பாருங்கள். தட்டையாக, ஒரு பக்கம் முதுகு வளைந்து, முதுகில் மெல்லிய கோடுகளும் இரண்டு ஓரத்திலும் வெளிறிய மெல்லிய கரையும் இருக்கும். பெருஞ்சீரகம் இதைவிட நீளம், பச்சை, தடிப்பு. கரை நொறுங்கித் தூள் நிறைய இருந்தால் பழைய சரக்கு. இருபது விதையை எண்ணி ஈரத் துணியில் சுற்றி வையுங்கள். பத்துப் பதினான்கு நாளில் குறைந்தது பத்துப் பன்னிரண்டு முளைத்தால் விதைக்கலாம். குறைந்தால் நெருக்கமாகத் தூவுங்கள்.

நேரம்தான் இதில் பெரிய விசயம். சதகுப்பைக்குக் குளிர் பிடிக்கும், சூடு கூடினால் இலை விடாமல் பூக்கப் பார்க்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் விதைத்தால் நம் மணலில் விதை அடித்துக்கொண்டு போகும், அல்லது அழுகும். பெருமழை ஓய்ந்து, மார்கழிக் கடைசி அல்லது தை தொடக்கத்தில் போடுங்கள். அப்போது போட்டால் மாசியில் இலை வெட்டலாம், சித்திரை, வைகாசியில் விதை எடுக்கலாம். கச்சான் காற்று வீசத் தொடங்கும்போது வேலை முடிந்திருக்கும். நான் ஒரு வருடம் ஆனியில் ஆசைப்பட்டுப் போட்டேன். விரல் உயரத்தில் மஞ்சள் பூ வந்து கருகியது.

மணலோடு மக்கிய மாட்டெருவைச் சமமாகக் கலந்து பாத்தியைக் கொஞ்சம் உயர்த்துங்கள். விதையை நட வேண்டிய இடத்திலேயே தூவி, மேலே அரைச் சென்ரிமீற்றர் மண் போதும். நாற்று மேடையில் போட்டுப் பிடுங்கி நடாதீர்கள். இதற்குக் கரட் மாதிரி ஆணிவேர், அது அறுந்தால் செடி கோபித்துக்கொள்ளும். சாடியில் வைப்பதென்றால் ஒரு அடி ஆழமாவது வேண்டும். எறும்பு விதையைத் தூக்கும், முளைக்கும்வரை பார்த்துக்கொள்ளுங்கள். நான்கு விரல் உயரம் வந்ததும் ஒரு சாணுக்கு ஒன்று விட்டுவிட்டு மற்றவற்றைப் பிடுங்குங்கள். பிடுங்கியது அன்றைய பருப்புக்குள் போகட்டும். பங்குனி வெயிலில் மத்தியானத்துக்கு மேல் ஒரு கிடுகைச் சாய்த்துவிட்டால் இன்னும் இரண்டு கிழமை இலை கிடைக்கும். ஒரே நாளில் எல்லா விதையையும் போடாமல் இரண்டு மூன்று கிழமை இடைவிட்டுப் போட்டால் வெட்ட வெட்ட வந்துகொண்டிருக்கும்.

செடி ஒரு சாண் உயரம் வந்ததும் வெட்டலாம், அதற்கு ஆறு ஏழு கிழமை எடுக்கும். காலையில், பனி உலர்ந்து வெயில் ஏறுவதற்கு முன் வெட்டுங்கள். வெளிப்பக்கத்துக் கீழ் இலையை, தண்டோடு ஒட்டிய இடத்தில் கத்தரிக்கோலால் வெட்ட வேண்டும். நடுக் குருத்தைத் தொடக்கூடாது. ஒரு தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுத்தால் செடி தேறாது. நுனியில் சிறு பொத்தான் மாதிரி மொட்டுக் கொத்துத் தெரிந்தால் இலையின் காலம் முடிகிறது என்று அர்த்தம். மொட்டைக் கிள்ளிவிட்டால் கொஞ்ச நாள் தள்ளிப்போகும், அவ்வளவுதான். விதைக்கு நல்ல செடியாக இரண்டு மூன்றை விட்டுவிட்டு, மற்றவற்றின் இலையை அப்போதே முழுதாக அறுத்துவிடுங்கள்.

அறுத்த இலையை ஈரத் துணியிலோ கடதாசியிலோ சுற்றி பிரிட்ஜில் வைத்தால் ஒரு கிழமை இருக்கும். அதற்கு மேல் வைக்க வேண்டுமென்றால் உலர்த்துவதைவிட உறையவைப்பதுதான் நல்லது. கழுவி, ஈரத்தை ஒற்றி எடுத்து, நறுக்கி, ஐஸ் கட்டித் தட்டில் குழிக்கு ஒரு மேசைக்கரண்டி போட்டுத் தண்ணீர் விட்டு உறையவைப்பேன். பிறகு ஒரு கட்டி என்றால் ஒரு மேசைக்கரண்டி, அளக்கிற வேலையே இல்லை. பச்சை அளவுக்கே போடலாம். சொதிக்கும் பருப்புக்கும் அப்படியே போடுங்கள். தயிருக்கு மட்டும் கரையவிட்டுப் பிழிந்து போட வேண்டும்.

உலர்த்தத்தான் வேண்டும் என்றால் வெயிலில் போடாதீர்கள். மிளகாய் காயவைக்கிற பழக்கத்தில் முற்றத்தில் பரப்பினால் பின்னேரம் கையில் மஞ்சள் தூசிதான் வரும். சுளகில் மெல்லிசாகப் பரப்பி, மேலே மெல்லிய துணி போட்டு, வீட்டுக்குள் ஃபேனுக்குக் கீழே இரண்டு மூன்று நாள். தண்டு வளையாமல் படக்கென்று ஒடிந்தால் காய்ந்துவிட்டது. வாவிப் பக்கம் இருப்பவர்களுக்குக் காற்றில் ஈரம் கூட, நாலு நாளும் ஆகலாம். முழு இலையாகப் போத்தலில் அடைத்து இருட்டில் வையுங்கள். சமைக்கும்போது கையால் நொறுக்கினால் மணம் அந்த நேரத்தில்தான் வெளியே வரும்.

விட்டுவைத்த செடியில் மஞ்சள் குடைகள் விரிந்து, விதை பிடித்து, பச்சை மாறி மண்ணிறமாகும். முழுதும் காயும்வரை பார்த்துக்கொண்டிருந்தால் காற்றில் பாதி கொட்டிவிடும். குடையில் பெரும்பகுதி மண்ணிறமானதும், விடியலில், பனியின் ஈரம் இருக்கும்போதே தண்டோடு வெட்டுங்கள். தலையைக் கடதாசிப் பைக்குள் விட்டு, வாயைக் கட்டி, தலைகீழாகத் தொங்கவிட்டால் ஒரு கிழமைக்குப் பிறகு தட்டினாலே உதிரும். சுளகில் புடைத்து எடுங்கள்.

இப்போது உங்களிடம் மிஞ்சியிருக்கிற பைக்கற்றை எறிந்துவிடாதீர்கள். இடித்தது போக முழு விதை இருந்தால் இரண்டு மேசைக்கரண்டி தனியாக எடுத்து, பெயர் எழுதி, மூடி இறுகிய போத்தலில் போட்டு மார்கழிவரை வையுங்கள். ஒரு சிறிய பாத்திக்கு அது தாராளம். இடித்த தூளைத் தயிரில் போடாமல், வீட்டில் சரக்கு அரைக்கத் தெரிந்த பெரியவர் ஒருவரிடம் கொடுங்கள். அதற்கு எவ்வளவு போட வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.